வெளிநாட்டில் முதல் சில வாரங்கள்: படுக்கை கிடைக்கிறது, முகவரி ஏன் கிடைப்பதில்லை?

வேலை உறுதியாகிவிட்டது. விசா வந்துவிட்டது. போய் இறங்கியதும் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு தற்காலிக வீடு பிடித்துக்கொண்டு, அங்கிருந்தபடியே நிதானமாக நல்ல வீடு தேடிக்கொள்ளலாம் என்பதுதான் வேறு நாட்டுக்குக் குடிபெயரும் பலருடைய திட்டம். தேட உட்காரும்போதுதான் புரியாத வாசகங்கள் கண்ணில் படுகின்றன. "குறைந்தது 30 இரவுகள்" என்கிறது ஒரு விளம்பரம். "அதிகபட்சம் 28 நாள்" என்கிறது இன்னொன்று. மூன்றாவது வீட்டில் எல்லாமே பொருந்தி வருகிறது. கடைசி வரியில் மட்டும் "இந்த முகவரியில் பதிவு செய்ய இயலாது" என்று இருக்கிறது.

போதாக்குறைக்குச் செய்திகள் வேறு. பார்சிலோனா தன்னிடமுள்ள 10,101 சுற்றுலா வீட்டு உரிமங்களையும் 2028 நவம்பருக்குள் முடித்துவைக்கப் போவதாக 2024 ஜூனில் அறிவித்தது. நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து குறுகிய கால வாடகை ஏறக்குறைய நின்றே போனது. இதெல்லாம் சுற்றுலாப் பயணிகளின் பிரச்சினை என்று குடிபெயர்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அவர்களையும் இது நேராகத் தொடுகிறது.

மேலே சொன்ன வாசகங்களும் செய்திகளும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. அது என்ன என்று தெரிந்துவிட்டால், எந்த விளம்பரத்தைத் திறக்க வேண்டும், எதைக் கடந்து போக வேண்டும் என்பது தானாகப் பிடிபடும்.

1. விருந்தினர் ஒருவர், குடியிருப்பவர் வேறொருவர்

ஒரு கூரையின் கீழ் பணம் கொடுத்துத் தங்குபவரைச் சட்டம் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிக்கிறது.

முதலாமவர் விருந்தினர். விடுதியில் அறை எடுப்பவரைப் போல. அவருக்கு அந்த இடத்தைப் பயன்படுத்த அனுமதி மட்டுமே உண்டு. காலம் முடிந்ததும் கிளம்ப வேண்டும். கிளம்பாவிட்டால் வெளியேற்ற உரிமையாளர் அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. பதிலுக்கு, விருந்தினருக்கும் பெரிய கடமை எதுவும் கிடையாது.

இரண்டாமவர் குடியிருப்பவர், அதாவது வாடகைதாரர். அந்த வீடு அவருடைய இல்லம் என்று சட்டம் ஏற்கிறது. வாடகையை எப்போது ஏற்றலாம், முன்பணம் எவ்வளவு வாங்கலாம், எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், நீதிமன்றம் போகாமல் வெளியே அனுப்ப முடியுமா முடியாதா என்பதற்கெல்லாம் விதி உண்டு.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஆறு வாரமோ மூன்று மாதமோ தங்கப் போகிறவர் இந்த இரண்டில் யார்? அவர் சுற்றுலாவுக்கு வரவில்லை, வாழத்தான் வருகிறார். ஆனால் இந்த வீட்டில் நிலையாக இருக்கப் போவதும் இல்லை. பல நாட்டுச் சட்டங்களில் இவருக்கென்று தனி இருக்கை போடப்படவில்லை. இவர் சில இடங்களில் விருந்தினர், சில இடங்களில் வாடகைதாரர், சில இடங்களில் எந்தப் பக்கம் என்றே தெரியாதவர்.

கோடு எங்கே கிழிக்கப்படுகிறது என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அது 30 நாளை ஒட்டி இருக்கிறது. கலிபோர்னியாவில் 30 நாளைத் தாண்டித் தங்குபவர் வாடகைதாரருக்குரிய பாதுகாப்புகளைப் பெறக்கூடும். இதைத் தவிர்க்க அங்கே சில மலிவு விடுதிகள் ஒரு வழி கண்டுபிடித்தன. இருபத்தெட்டாம் நாள் வந்ததும், தங்கியிருப்பவரைப் பெட்டி படுக்கையோடு வெளியே வரச் சொல்லி, ஓரிரு நாள் கழித்து மறுபடி புதிதாகப் பதிவு செய்து உள்ளே விடுவார்கள். மனிதர் அதே, விடுதி அதே, நாள் கணக்கு மட்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். கடைசியில் இந்தப் பழக்கத்தையே தடை செய்யும் பிரிவு கலிபோர்னியாவின் உரிமையியல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. "அதிகபட்சம் 28 நாள்" என்று ஒரு விளம்பரம் சொன்னால் பெரும்பாலும் காரணம் இதுதான்: நீங்கள் விருந்தினராகவே இருக்க வேண்டும் என்று உரிமையாளர் விரும்புகிறார்.

2. அப்படியானால் "குறைந்தது 30 இரவுகள்" எங்கிருந்து வந்தது?

இது அதே கோட்டின் மறுபக்கம். வீடுகள் சுற்றுலா அறைகளாக மாறி, உள்ளூர்வாசிகளுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை என்ற குரல் பல நகரங்களில் எழுந்தது. ஒவ்வொரு நகரமும் தன் வழியில் கடிவாளம் போட்டது.

- நியூயார்க்: 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விட, வீட்டுக்காரர் நகர நிர்வாகத்திடம் பதிவு செய்ய வேண்டும்; விருந்தினர் இருக்கும்போது அவரும் அதே வீட்டில் இருக்க வேண்டும்; இரண்டு பேருக்கு மேல் தங்க வைக்கக் கூடாது.
- லண்டன்: ஒரு முழு வீட்டைத் தனி அனுமதி இல்லாமல் ஆண்டுக்கு 90 இரவுகள் வரை மட்டுமே குறுகிய காலத்துக்கு விடலாம்.
- பாரிஸ்: ஒருவர் தான் வாழும் வீட்டை இப்படி விடுவதற்கு இருந்த 120 நாள் வரம்பு, 2025 ஜனவரியிலிருந்து 90 ஆகக் குறைந்தது.
- ஆம்ஸ்டர்டாம்: ஆண்டுக்கு அதிகபட்சம் 30 இரவுகள்; சில பகுதிகளில் அதைவிடக் குறைவு.
- ஜப்பான்: 2018 ஜூனில் நடைமுறைக்கு வந்த தனிச்சட்டத்தின்படி ஆண்டுக்கு 180 நாள்.
- சிங்கப்பூர்: தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும், அரசு வீடமைப்புக் கழக வீடுகளை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடவே கூடாது.

உரிமையாளர் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். 30 இரவுக்குக் கீழே போனால் உரிமம், பதிவு, அபராதம் என்று தொல்லை. ஆறு மாதம், ஒரு வருடம் என்று கொடுத்தால் வாடகைதாரர் சட்டத்தின் முழுப் பிடிக்குள் போக வேண்டும். நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது: ஒரு மாதத்துக்கு மேல், ஓராண்டுக்குள். வீட்டில் கட்டிலும் மேசையும் போட்டு, வாடகையை ஏற்றி, அந்த இடைவெளிக்குள் நகர்ந்துவிடுகிறார்கள்.

ஸ்பெயினில் இது தெளிவாகத் தெரிகிறது. அங்கே வசிப்பதற்கான வாடகை ஒப்பந்தம் என்றால், உரிமையாளர் தனிநபராக இருக்கும்போது வாடகைதாரர் விரும்பினால் ஐந்து ஆண்டு வரை நீட்டிக்கலாம். ஆனால் "சீசன் வாடகை" என்று ஒரு வகை உண்டு. படிப்பு, தற்காலிக வேலை போன்ற காரணத்துக்காக விடுவது. அதற்கு அந்த நீட்டிப்பு உரிமை கிடையாது. சட்டப்படியான முன்பணமும் ஒரு மாதத்துக்குப் பதில் இரண்டு மாதம். ஜெர்மனியிலும் "தற்காலிகப் பயன்பாட்டுக்கு" விடப்பட்ட வீடுகளுக்கு வாடகை உச்சவரம்பு பொருந்தாது. ஒப்பந்தத்தை முடிப்பதற்கு எதிரான பாதுகாப்பும் பெரும்பாலும் இல்லை. ஒரே தெருவில் வாடகை அவ்வளவு வித்தியாசப்படுவதன் முக்கியக் காரணம் இதுதான். கட்டிலுக்கும் சோபாவுக்கும் கொடுக்கிற விலை அதில் ஒரு பங்கு; மீதி, சட்டத்தின் இடைவெளிக்குக் கொடுக்கிற விலை.

பிரான்ஸ் இந்த நடுக்காலத் தேவையை நேர்மையாக ஒப்புக்கொண்டு 2018இல் ஒரு வழி செய்தது. "பெய் மொபிலிதே" என்பது அதன் பெயர். சாமான்களுடன் கூடிய வீடு, ஒன்று முதல் பத்து மாதம் வரை, முன்பணம் வாங்கவே கூடாது, வாடகைதாரர் ஒரு மாத முன்னறிவிப்பில் கிளம்பலாம். மாணவர்கள், பயிற்சியில் இருப்பவர்கள், வேலை மாற்றத்திலோ தற்காலிகப் பணியிலோ வருபவர்கள் இதற்குத் தகுதி பெறுகிறார்கள். மற்ற நாடுகளும் இப்படி ஒரு தனி ஒப்பந்தத்தை உருவாக்கினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம். குடிபெயர்பவரைச் சுற்றுலாப் பயணியின் சட்டத்துக்குள்ளும் திணிக்க முடியாது, நிரந்தரவாசியின் சட்டத்துக்குள்ளும் திணிக்க முடியாது.

3. முகவரி என்னும் திறவுகோல்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். "பதிவு செய்ய இயலாது" என்ற அந்த ஒற்றை வரி, வாடகையைவிட அதிகம் இழப்பு தரக்கூடியது.

பல நாடுகளில் வந்து சேர்ந்தவர் தன் முகவரியை அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். மற்ற காகிதங்கள் எல்லாம் அந்தப் பதிவில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. ஜெர்மனியை எடுத்துக்கொண்டால் வரிசை இப்படிப் போகிறது:

1. வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் உள்ளாட்சி அலுவலகத்தில் பதிவு. இதை "அன்மெல்டுங்" என்பார்கள்.
2. அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். 2015 நவம்பர் 1 முதல் இது கட்டாயம். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் மட்டும் போதாது.
3. பதிவு முடிந்தால்தான் வரி அடையாள எண் தபாலில் வரும்.
4. அந்த எண் நிறுவனத்திடம் போகாவிட்டால் சம்பளத்தில் மிக உயர்ந்த வகுப்பில் வரி பிடிக்க நேரலாம்.
5. தங்குரிமை அட்டை, பல வங்கிகளின் கணக்கு, இணைய இணைப்பு என்று அடுத்தடுத்தவை இதன் பின்னால் நிற்கின்றன.

இரண்டாவது புள்ளியில் வரும் அந்தச் சான்று ஒரே ஒரு பக்கக் காகிதம். உரிமையாளர் பெயர், முகவரி, குடியேறிய தேதி, குடியேறியவர்களின் பெயர்கள், கையெழுத்து. அவ்வளவுதான். எழுத இரண்டு நிமிடம் ஆகாது. ஆனாலும் தற்காலிக வீடு கொடுப்பவர்கள் பலர் மறுக்கிறார்கள். ஏன்? நகர நிர்வாகத்துக்குத் தெரியாமல் விடுகிறவராக இருக்கலாம். தானே வாடகைக்கு இருந்துகொண்டு, அசல் உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டவராக இருக்கலாம். வருமானத்தைக் கணக்கில் காட்டாதவராக இருக்கலாம். பதிவு செய்தவர் பின்னால் வாடகைதாரர் உரிமை கோருவாரோ என்று பயப்படுபவராகவும் இருக்கலாம். நியாயமான காரணமும் உண்டு: சாதாரண ஹோட்டல் என்றால் நீண்ட நாள் வசிப்பிடமாகக் காட்ட அதன் நடைமுறையே இடம் தராது.

இந்த நெருக்கடியில் சிலர், தாங்கள் வசிக்காத வீட்டின் முகவரியைக் காசு கொடுத்து வாங்கிப் பதிவு செய்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். குடியேறும் எண்ணம் இல்லாதவருக்கு இப்படி முகவரி கொடுப்பது ஜெர்மனியில் 50,000 யூரோ வரை அபராதத்துக்கு உரிய குற்றம். பொய்யான முகவரியில் பதிவு செய்பவரும் விதியை மீறுகிறார். புதிதாக வந்தவர் தன் தங்குரிமைக் கோப்பில் பொய்யான தகவல் சேர விடுவது நீண்ட காலத்துக்குத் தலைவலி.

முகவரி கிடைத்த பிறகும் ஒரு சிறு கண்ணி இருக்கிறது. ஜெர்மானிய அடுக்குமாடிகளில் வீட்டுக் கதவு எண் பெரும்பாலும் முகவரியில் வராது. வாசலில் உள்ள தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார்கள். தற்காலிகமாக வந்தவரின் பெயர் பெட்டியில் இல்லை என்றால், வரி எண் வரும் கடிதமும் வங்கி அட்டையும் வந்த வழியே திரும்பிப் போகும். அதனால் சாவி வாங்கும்போதே பெட்டியில் பெயர் ஒட்டச் சொல்ல வேண்டும். அது முடியாது என்றால் யார் பெயர் ஒட்டியிருக்கிறதோ அவர் பெயரை "மே/பா" என்று போட்டு முகவரி கொடுக்க வேண்டும். ஒரு துண்டுக் காகிதமும் கொஞ்சம் பசையும் இல்லாததால் மூன்று வாரம் வீணாவது பரிதாபம்.

மற்ற நாடுகளில் பெயர்கள் மாறும், தர்க்கம் மாறாது. நெதர்லாந்தில் நான்கு மாதத்துக்கு மேல் தங்குபவர் வந்த ஐந்து நாளுக்குள் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் குறைவாகத் தங்குபவருக்குக் குடியிருக்காதோர் பதிவேடு என்று தனி வழி இருக்கிறது, அதிலும் குடிமக்கள் சேவை எண் கிடைக்கும். ஜப்பானில் நிலையான இடத்துக்குப் போன 14 நாளுக்குள் உள்ளாட்சி அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும்; தங்குரிமை அட்டையிலேயே அந்த முகவரியைப் பதிந்து தருவார்கள். துபாயில் வாடகை ஒப்பந்தங்கள் "எஜாரி" என்ற அமைப்பில் பதிவாகின்றன. சுற்றுலாத் துறை உரிமத்தில் இயங்கும் விடுமுறை வீட்டில் தங்கியதற்கான ரசீது அதற்கு ஈடாகாது.

இங்கிலாந்தில் இப்படிப்பட்ட குடிப்பதிவு முறையே இல்லை. அதனால் எளிது என்று தோன்றும். ஆனால் அங்கே வங்கி முகவரிச் சான்று கேட்கும். வசிப்பதற்கு வீடு விடுகிற உரிமையாளர், வருபவருக்கு வாடகைக்கு இருக்கும் உரிமை உண்டா என்று குடிவரவு நிலையைச் சரிபார்க்க வேண்டும். விடுமுறை வீட்டுக்கு இந்தச் சோதனை தேவையில்லை. நுழைவது சுலபம், காகிதம்தான் மிஞ்சாது.

முகவரி இல்லாமல் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் வீடு இல்லை, வீடு இல்லாமல் முகவரி இல்லை என்ற இந்தச் சுழலை உடைக்க ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு பிடி இருக்கிறது. ஒன்றியத்தில் சட்டப்படி வசிக்கும் யாருக்கும், நிலையான முகவரி இல்லாவிட்டாலும், அடிப்படை வங்கிக் கணக்கு தொடங்கும் உரிமை 2014ஆம் ஆண்டு நெறியாணையில் உள்ளது. யூரோவில் பணம் வாங்குபவர், வேறொரு உறுப்பு நாட்டின் கணக்கு என்பதற்காக அதை மறுக்கவும் கூடாது. வங்கிக் கிளையில் முதல் பதில் "முடியாது" என்று வந்தால், அடிப்படைக் கணக்கு என்ற பெயரைச் சொல்லி எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

4. பணக் கணக்கு: 27 இரவைவிட 28 இரவு மலிவாவது எப்படி?

தங்குமிடம் பதிவு செய்யும் இணையத் தளங்களில் நீண்ட நாள் தங்குவோருக்குப் பெரும்பாலும் மாதத் தள்ளுபடி உண்டு. ஏர்பிஎன்பியில் 28 இரவு என்பது அந்தக் கோடு. ஒரு இரவுக்கு 100 என்று வைத்துக்கொள்வோம். 27 இரவுக்கு 2,700. இருபத்தெட்டாவது இரவைச் சேர்த்ததும் 30 விழுக்காடு தள்ளுபடி விழுந்தால் மொத்தம் 1,960. ஒரு இரவு கூட்டியதில் 740 மிச்சம். அதனால் 24, 25 நாள் தேடுபவர்கள் ஒருமுறை 28 என்று போட்டும் பார்க்க வேண்டும்.

சரி, பிடி எங்கே? ரத்து விதியில். 28 இரவைத் தொட்டதும் அது நீண்ட காலத் தங்கல் ஆகிவிடுகிறது. குறுகிய தங்கலுக்கான தளர்வான ரத்து விதி போய், வேறு விதி வருகிறது. நெருங்கி வந்து ரத்து செய்தால் ஏறக்குறைய முதல் மாதப் பணம் முழுவதும் போகக்கூடும். விசா முத்திரை கையில் வராதவர், வேலை தொடங்கும் தேதி உறுதியாகாதவர், தள்ளுபடியைப் பார்த்து இரண்டு மாதத்துக்குச் சேர்த்துப் பதிவு செய்வது ஆபத்து. முதல் பத்து நாளுக்கு எளிதில் ரத்து செய்யக்கூடிய அறை, அதற்குப் பின் வீடு என்று பிரித்துக்கொள்வது கொஞ்சம் செலவு கூடினாலும் பாதுகாப்பு. வீட்டை நேரில் பார்த்துவிட்டுப் பணம் கட்டவும் அந்தப் பத்து நாள் உதவும்.

வரியும் நாள் கணக்கைப் பொறுத்தது. பிரிட்டனில் ஹோட்டலில் தொடர்ந்து 28 நாளைத் தாண்டித் தங்கினால், அதன்பிறகான நாட்களுக்கு மதிப்புக்கூட்டு வரி குறைவான தொகையின் மீதே கணக்கிடப்படும். நீண்ட நாள் தங்குபவர் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

முன்பணத்துக்கு வருவோம். வாடகைதாரராகத் தங்கினால் பல நாடுகளில் உச்சவரம்பு உண்டு: ஜெர்மனியில் மூன்று மாத அடிப்படை வாடகை (வெப்பமூட்டல் போன்ற செலவுகள் சேராதது), அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம், நெதர்லாந்தில் 2023 ஜூலை முதல் இரண்டு மாதம், இங்கிலாந்தில் ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே என்றால் ஐந்து வார வாடகை, நியூசிலாந்தில் நான்கு வாரம். இங்கிலாந்தில் பொதுவான வாடகை ஒப்பந்தங்களில் உரிமையாளர் இந்தப் பணத்தை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்கவும் வேண்டும். விருந்தினராகத் தங்கினால் இவை எதுவும் பொருந்தாமல் போகலாம். ஒப்பந்தத்தின் தலைப்பில் "விடுமுறைத் தங்கல்" என்றோ "அனுமதி ஒப்பந்தம்" என்றோ போட்டிருந்தால் உஷாராகப் படிக்க வேண்டும்.

நிறுவனமே தங்குமிடம் கொடுத்தால் கவலை இல்லை என்பதும் அரை உண்மைதான். ஒப்பந்தம் நிறுவனத்தின் பெயரில் இருந்தால், சட்டத்தின் பார்வையில் வாடகைதாரர் நிறுவனம். வேலை போனால் வீடும் கூடவே போகும். முகவரிச் சான்றுக்குத் தனியாகக் கடிதம் வாங்க வேண்டும். சில நாடுகளில் இந்தச் சலுகைக்கு வருமான வரியும் உண்டு. அமெரிக்காவில் 2018 முதல், ராணுவத்தினர் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு, நிறுவனம் கொடுக்கும் இடமாற்றச் செலவு ஊழியரின் வருமானத்தோடு சேர்கிறது.

5. மோசடி ஏன் இவர்களையே குறிவைக்கிறது?

ஏமாற்றுபவருக்குத் தேவையானவை மூன்று: அவசரம், தூரம், உள்ளூர் விலை தெரியாமை. குடிபெயர்பவரிடம் மூன்றும் இருக்கின்றன. கதை பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வரும். அழகான வீடு, சுற்றுவட்டார விலையைவிடக் கொஞ்சம் குறைவு. உரிமையாளர் வேறு நாட்டில் வேலை பார்க்கிறார், அதனால் வீட்டைக் காட்ட வர முடியாது. சாவியைக் கூரியரில் அனுப்புவார். முன்பணமும் முதல் மாத வாடகையும் இன்று மாலைக்குள் போட வேண்டும், ஏனென்றால் இன்னொருவர் காத்திருக்கிறார். சில சமயம் கடவுச்சீட்டுப் படத்தைக்கூட நம்பிக்கைக்காக அனுப்புவார். அது இதற்கு முன் ஏமாந்த யாரோ ஒருவருடையதாக இருக்கலாம்.

இன்னொரு வகை, தளத்தில் பார்த்து வெளியே முடிப்பது. "கட்டணம் மிச்சமாகும், நேராக அனுப்புங்கள்" என்பார்கள். பதிவுத் தளங்கள் பொதுவாக விருந்தினர் உள்ளே போய்ச் சுமார் ஒரு நாள் ஆன பிறகுதான் வீட்டுக்காரருக்குப் பணத்தை விடுவிக்கின்றன. அந்த ஒரு நாள்தான் நமக்கு இருக்கும் உண்மையான பாதுகாப்பு. வெளியே பணம் கட்டிய நொடியில் அது போய்விடுகிறது.

சோதிக்க வழிகள்:

1. படங்களைப் படத் தேடலில் போட்டுப் பார்ப்பது. வேறு நகரத்து ஹோட்டல் படம் வந்து நின்றால் விஷயம் முடிந்தது.
2. நேரலை வீடியோ அழைப்பில் வீட்டைக் காட்டச் சொல்வது. ஜன்னலைத் திறந்து தெருவைக் காட்டச் சொல்லி, இணைய வரைபடத்தின் தெருக்காட்சியோடு ஒப்பிட வேண்டும். பதிவு செய்த வீடியோவில் கேட்ட நேரத்தில் ஜன்னல் திறக்காது.
3. உரிமம் அல்லது பதிவு எண் கட்டாயமாக உள்ள நகரங்களில் அதைக் கேட்பது. குறுகிய கால வாடகைத் தகவல்கள் குறித்த ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குமுறை 2026 மே 20 முதல் பொருந்துகிறது. பதிவு நடைமுறை உள்ள இடங்களில் விளம்பரத்தோடு பதிவு எண் இருக்க வேண்டும்.
4. உள்வாடகை என்றால், அசல் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதத்தைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. சம்மதம் இல்லாத உள்வாடகையில், விடுகிறவர் நல்லவராகவே இருந்தாலும், அவர் வெளியேற்றப்பட்டால் உங்களுக்கும் அங்கே இடமில்லை.

6. எத்தனை நாளுக்கு எடுப்பது?

"ஒரு மாதம் போதும்" என்பதுதான் பொதுவான கணிப்பு. பெரும்பாலும் அது போதாது. பின்னாலிருந்து கணக்குப் போட்டால் ஏன் என்று தெரியும்.

நிரந்தர வீட்டின் உரிமையாளர் சம்பளச் சீட்டு கேட்பார். பல இடங்களில் கடைசி மூன்று மாதச் சீட்டு. வந்த முதல் மாதத்தில் அது இருக்காது. வேலை ஒப்பந்தமும் நிறுவனத்தின் கடிதமும் சில இடங்களில் ஏற்கப்படும், சில இடங்களில் முதல் சம்பளம் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அப்புறம், காலியாகும் வீடுகள் உடனே கைக்கு வருவதில்லை. ஜெர்மனியில் வாடகைதாரர் வீட்டைக் காலி செய்ய மூன்று மாத முன்னறிவிப்பு தர வேண்டும். ஆகவே இன்று விளம்பரத்தில் வரும் வீடு ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் காலியாக இருக்கும். பல்கலைக்கழகங்கள் தொடங்கும் மாதங்களில் மாணவர்களும் அதே வீடுகளைத் தேடுவார்கள்.

ஆகவே என் பரிந்துரை: குடிப்பதிவு கட்டாயமான நாடுகளில் பதிவுக்கு ஒத்துக்கொள்ளும் இடமாகப் பார்த்து எட்டு முதல் பத்து வாரம். அதில் கடைசி மூன்று நான்கு வாரம் நீட்டிக்கவோ முன்னதாக முடிக்கவோ வழி இருக்க வேண்டும். நிறுவனங்கள் கொடுக்கும் இரண்டு வார ஹோட்டல் நேரவித்தியாசத் தூக்கம் தெளியத்தான் உதவும்; வீடு தேடி முடிக்கப் போதாது. இயன்றால் வேலை ஏற்கும் முன்பே, ஹோட்டல் நாட்களுக்குப் பதில் அதே தொகையைச் சர்வீஸ் அபார்ட்மெண்டுக்குத் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். ஹோட்டலுக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட அந்த வகை இடங்கள் சில நகரங்களில் பதிவுச் சான்றும் தருகின்றன.

பணம் கட்டும் முன் உரிமையாளருக்கு அனுப்ப வேண்டிய கேள்விகள் ஐந்து. தொலைபேசியில் கேட்டாலும் பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

1. இந்த முகவரியில் நாங்கள் எல்லோரும் பதிவு செய்யலாமா? சான்று எந்தத் தேதியில் கிடைக்கும்?
2. தபால் பெட்டியில் எங்கள் பெயர் வருமா?
3. நீங்கள் உரிமையாளரா, வாடகைதாரரா?
4. மின்சாரம், வெப்பமூட்டல், இணையம் வாடகையில் சேர்ந்ததா? வரம்பு உண்டா?
5. நீட்டிக்க வேண்டுமானால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், அப்போது வாடகை மாறுமா?

முதல் கேள்விக்கு "பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், அதை "முடியாது" என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழைந்த அன்றே, பெட்டியைத் திறப்பதற்கு முன், ஒவ்வொரு அறையையும் தொடர்ச்சியாக வீடியோ எடுத்து, மின்சார, தண்ணீர் மீட்டர் எண்களைப் படமெடுத்து, உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும். கிளம்பும் நாளிலும் அதே வரிசையில் மறுபடி எடுக்க வேண்டும். முன்பணம் திரும்பி வரச் சில வாரங்கள் ஆகும் என்பதால், அதற்குக் கொடுத்த வங்கிக் கணக்கை உடனே மூடக் கூடாது. புது முகவரியையும் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். புது வீட்டில் மறுபடி முகவரிப் பதிவு செய்ய வேண்டும். அங்கேயும் கெடு ஓடத் தொடங்கியிருக்கும்.